மாஸ்ரரின் சிகரெட்டும் பேர்பெச்சுவாவின் நேர்த்தியும்

ஜெர்மனியின் ஆஹென் நகரத்தில் பேர்பெச்சுவா குடும்பம் இருந்த வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் குடியிருந்தார். பெயர் அலஸ்டேர். செஸ் விளையாட்டில் பெரிய பட்டம் வாங்கியவர் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அந்தத் தெருத் தமிழருக்கு அவர் மாஸ்ரர். ஊரில் பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கூப்பிடுகிற அதே மரியாதையோடு கூப்பிட்டார்கள். அவரும் சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தார்.

வடகடலில் ஒரு தீவில், மீன்பிடிக்கிற கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த மனிதர். வள்ளம் இறக்க முடியாத குளிர்நாட்களில் தகப்பனோடு செஸ் ஆடிப் பழகி, பிறகு தன் நாட்டுக்காகவே ஆடி, வாலிபத்தில் ஜெர்மன் கழகம் ஒன்று கூப்பிட இங்கே வந்தார். வந்தவர் வந்தவர்தான். கலியாணமும் இல்லை. சனி ஞாயிறுகளில் சின்னப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவார். எந்த ஊரிலோ விளையாடிவிட்டு வருவார். முன்பெல்லாம் வெல்லுவார். ஐம்பதைத் தாண்டிய பிறகு, "பொடியள் வெல்ல விடுறாங்கள் இல்லை, அக்கா" என்று சிரிப்பார். வயதில் அவர்தான் மூத்தவர். எல்லாரும் பேர்பெச்சுவாவை அக்கா என்றதால் அவருக்கும் அவள் அக்கா. மற்றப்படி இரண்டு பேரும் பேசியது ஜெர்மன்தான். அவள் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழும்.

விளையாட்டு கைவிடத் தொடங்கியதும் மாஸ்ரர் ஒரு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டார். முன்னமும் இரண்டு சின்னப் புத்தகங்கள் எழுதியிருந்தார். இது பெரியது. காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டு, ராசாவும் இரண்டொரு சிப்பாயும் மட்டும் பலகையில் மிஞ்சும்போது எப்படி ஆடுவது என்று சொல்கிற புத்தகம்.

"இதை எழுதி முடிச்சால்தான், நானும் ஒருக்கா இருந்தனான் எண்டு இருக்கும்" என்பார்.

முதல் அதிகாரங்களை வாங்கிப் பார்த்த பதிப்பகங்களோ நன்றி சொல்லித் திருப்பி அனுப்பின. அந்த நாட்களில் அவர் படியிறங்கி வருகிற விதத்தைப் பார்க்கப் பேர்பெச்சுவாவுக்கு மனம் தாங்கவில்லை. மாதாவிடம் போனாள்.

நேர்த்தி வைக்கிறதென்றால் கேட்பதற்கு ஈடாக ஏதாவது கொடுக்க வேண்டும். அவள் சின்னப்பிள்ளையாய்க் காய்ச்சலில் கிடந்தபோது தாய் அவளுடைய தலைமுடியை மடு மாதாவுக்கு நேர்ந்தாள். முடிக்குச் சொந்தக்காரியை யாரும் கேட்கவில்லை. சுகம் வந்தது, மொட்டை விழுந்தது. அந்தப் பழக்கத்தில்தான் பேர்பெச்சுவாவும் மெழுகுதிரி கொளுத்தி, "தாயே, உவற்றை புத்தகத்தை ஆராவது எடுக்கட்டும். உவர் சிகரெட்டை விட்டிடுவார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் இருமுகிற இருமல் முகட்டுக்கு ஊடாகக் கேட்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றுதான் நினைத்தாள்.

1994 தை மாதத்தில் லண்டன் பதிப்பகம் ஒன்று டெலிபோன் எடுத்தது. புத்தகத்தைப் போடுகிறோம், ஆனி முடிய முழுவதும் கைக்கு வரவேண்டும், வராவிட்டால் வேறு ஆளிடம் எழுதக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். மாஸ்ரர் விழுந்தடித்துப் படியிறங்கி வந்து சொன்னார். பேர்பெச்சுவா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அப்ப மாஸ்ரர், இனிச் சிகரெட் இல்லை."

"ஏன்?"

"நான் மாதாவுக்கு நேர்ந்துபோட்டன்."

"என்ரை சிகரெட்டையோ?"

"ஓம். புத்தகமும் உங்கடைதானே?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. புயலில் அகப்பட்ட தகப்பனின் வள்ளத்துக்காகத் தன் தாயும் மாதாவோடு இப்படித்தான் பேசி வைத்தவள், வள்ளம் கரைக்கு வந்தது என்றார். சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்து அவளுடைய குப்பை வாளிக்குள் போட்டார்.

அதோடு புத்தகமும் நின்றது.

புகை இல்லாமல் மாஸ்ரருக்கு ஒரு வரி ஓடவில்லை. மேலே கதிரை இழுபடும், காலடி அங்குமிங்கும் போகும், டைப்ரைட்டர் நாலு தட்டுத் தட்டிவிட்டு அடங்கிவிடும். வாய்க்குப் பராக்காக அவள் கொடுத்தனுப்பிய முறுக்கும் கராம்பும் கற்கண்டும் முடிந்தன. கன்னம் உப்பியதுதான் மிச்சம். மாசி போய்ப் பங்குனியும் போனது.

புருஷன் ஞானப்பிரகாசம் பேக்கரி வேலையால் வந்து சாப்பிட்டபடி கேட்டார்: "என்னப்பா, நீ மாதாவுக்குக் குடுத்தது சிகரெட்டையோ, அந்த மனிசன்ரை புத்தகத்தையோ?"

"விசர்க்கதை கதையாதேங்கோ."

"நேர்த்தி வைக்கிறதெண்டால் உன்ரை வாயைக் குறைக்கிறன் எண்டு வைச்சிருக்கலாம். எனக்கும் ஆறுதலாய் இருந்திருக்கும்."

பகிடிதான். ஆனாலும் முள்ளாய்க் குத்தியது. மாதத்தில் ஒருதரம் தமிழ்ப் பூசைக்கு வருகிற சுவாமியிடம் போய் நின்று எல்லாவற்றையும் ஒப்புவித்தாள்.

"பிள்ளைக்குத் தாய் நேரலாம்" என்றார் சுவாமி. "அந்த மனிசனுக்கு நீர் தாயோ?"

"இல்லைச் சுவாமி. கீழ்வீட்டுக்காரி."

"அடுத்தவன்ரை கோழியைப் பிடிச்சு அந்தோனியாருக்கு நேர்ந்த மாதிரியெல்லோ இருக்கு! தன்ரை பொருளைத்தான் குடுக்கலாம், பிள்ளை. போய் அந்தாளை அவிட்டுவிடும்."

பேர்பெச்சுவா நேரே மேல்மாடிக்கு ஏறினாள். மாஸ்ரர் பலகைக்கு முன்னால் தாடையைத் தாங்கியபடி இருந்தார். சுவாமி சொன்னதைச் சொன்னாள். துள்ளி எழும்புவார் என்று பார்த்தால், அவர் முகம் வெளிறியது.

"அப்ப மாதா லண்டன்காரரின்ரை மனதை மாத்திப்போட்டால்?"

"ஏன், குடுத்ததைத் திருப்பி வாங்கிறதுக்கு மாதா என்ன கடையோ நடத்திறா?"

அவர் பலகையில் ஒரு காயை நகர்த்திக் கையை எடுத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "எங்கடை விளையாட்டிலும் அப்பிடித்தான், அக்கா. வைச்ச காயிலையிருந்து கையை எடுத்தால் பிறகு திருப்ப ஏலாது."

"பாத்தீங்களோ? மாதாவுக்கும் செஸ் தெரியும்."

"நேர்த்தி?"

"அது நான் வைச்சது. நான் பார்த்துக்கொள்ளுறன்."

அவள் கீழே வந்து சேர முன்னமே மாஸ்ரர் அவளைத் தாண்டிக்கொண்டு தெருமுனைச் சிகரெட் மெஷினுக்கு ஓடினார். அன்றைக்குத் தொடங்கின டைப்ரைட்டர் சத்தம் ஆனி கடைசியில்தான் ஓய்ந்தது. கூடவே இருமலும் கேட்டது. அந்த இருமலுக்காக அவள் தனியாக மன்றாடினாள். இந்தமுறை பேரம் ஒன்றும் பேசவில்லை. கட்டுக் கடதாசி தபாலில் லண்டனுக்குப் போனது.

ஆவணியில் தமிழர்கள் கெவெலார் ஊர் மாதாவிடம் யாத்திரை போனபோது மாஸ்ரரும் வந்தார். ஸ்டேஷனில் இறங்கியதும் பேர்பெச்சுவா செருப்பைக் கழற்றினாள். நல்ல வெயில். கல்லுப் பதித்த தெருவில் அவள் வெறுங்காலோடு நடக்க, மாஸ்ரர் ஒரு கையில் அவளுடைய செருப்பும் மறு கையில் சிகரெட்டுமாகப் பக்கத்தில் நடந்தார். கண்டவர்கள் சிரித்தார்கள்.

"அக்கா, பாதித் தூரம் நான் நடக்கிறன். புத்தகம் என்ரைதானே?"

"பேசாமல் செருப்பைக் கொண்டு வாங்கோ, மாஸ்ரர். காலும் என்ரை, நேர்த்தியும் என்ரை."

அவர் பேசாமல் கொண்டுபோனார்.