தட்டில் கீறிய எண்

என் மனைவியின் குரல் இருந்த இசைத்தட்டு உடைந்ததற்காக நான் யாரையும் நோகவில்லை. துண்டுகளை ஆற்றில் விட வைத்தார்களே, அதைத்தான் இன்றும் பொறுக்க முடியவில்லை.

மலைமேல் எங்கள் வளப்பூர் நாட்டில் சாமைக் காட்டில் களையெடுக்கும்போது அவள் பாடுவாள். மிளகு வாங்க மலைக்கு வந்த காளப்பநாயக்கன்பட்டி வியாபாரி அதைக் கேட்டுவிட்டு, எங்களைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு சின்னக் கம்பெனி பாட்டுப் பதிந்துகொண்டிருந்தது. ஒரு பாட்டுப் பாடினாள். தட்டு எங்கள் கைக்கு வந்த மழைக்காலத்திலேயே குளிர்காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. மகள் அப்போது பால்குடி.

கிராமபோன் இருந்தது அடிவாரத்தில் வியாபாரி வீட்டில்தான். வழியில் உடைந்துவிடுமோ என்ற பயத்தில் பல வருடம் நான் தட்டை மலையிலிருந்து இறக்கவே இல்லை. மகள் தினமும் நச்சரித்ததால் ஒரு நாள் வைக்கோலில் பொதிந்து கூடையில் வைத்துக் கொண்டுபோனோம். வியாபாரி வீட்டு வாசலில் கூடையை இறக்கிய மறுநிமிடம், யாரோ அதன்மேல் மிளகு மூட்டையைச் சாய்த்தார்கள். மகள் ஒரு வரிகூடக் கேட்கவில்லை.

"அழுவாத சாமி," என்று வியாபாரி அவளைத் தேற்றினார். "நம்பரச் சொன்னா கடையில வேற குடுப்பாங்க."

அதைக் கேட்டு, நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தை நனைத்து உரித்து வைத்துக்கொண்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பெரிதாக அச்சடித்த எண் அதில்தான் இருந்தது. 'பெண் குரல்' என்று போட்டிருந்தார்கள். அவள் பெயர் இல்லை.

துண்டுகளையும் வைத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். என் மச்சான், அவளுடைய அண்ணன், விடவில்லை.

"ஒடஞ்ச பொருள ஊட்டுல வெக்கக் கூடாதுங்க மாப்ள. அதுவும் செத்தவ கொரலு."

"இருக்கட்டும் மச்சான், பொறவு பாத்துக்கலாம்."

"மழைக்குப் பயம், வெயிலுக்குப் பயம், இதுக்கு மட்டும் உங்களுக்குப் பயமில்லீங்களா?"

சொன்னதும் பயம் வந்துவிட்டது. அஸ்தி கரைப்பதுபோல் மஞ்சள் தெளித்து அய்யாற்றில் விட்டோம்.

பிறகு சேலம் போனேன். இசைத்தட்டுக் கடைக்காரர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கம்பெனிய மூடிட்டாங்களே, பழைய பிளேட்டு எங்கயும் இல்ல. பிளேட்டு அடிக்கற அச்சு பூராத்தையும் மெட்ராஸ்ல வேறொருத்தர் வாங்கிட்டாங்க. இது விக்கறதுக்குப் போட்ட நம்பருங்க. ஆளு மாறுனா இதுவும் மாறிரும்."

தன் கடைத் தட்டு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். பாட்டின் சுழல்கோடுகள் முடிந்து காகிதம் தொடங்குவதற்கு நடுவே, கறுப்பிலேயே பொடிப்பொடியாக எண் கீறியிருந்தது.

"இதானுங்க பாட்டோட நம்பரு. பாடுன அன்னைக்கே, பாட்டப் பதிஞ்ச மெழுகுல கீறுனது. மாறவே மாறாது. அச்ச இதப் பாத்துத்தான் அடுக்கி வெச்சிருக்காங்க. ஒடஞ்ச துண்டக் கொண்டாங்க, எழுதி வரவழைச்சுத் தாரேன்."

"ஆத்துல உட்டுட்டமுங்க."

"ஆத்துலயா? பிளேட்டுக்கா காரியம் பண்ணுனீங்க?"

கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் விடாமல் கேட்டேன்.

"மெட்ராஸ்ல ஒவ்வொண்ணாப் போட்டுக் கேக்கச் சொன்னா ஆவாதுங்களா?"

"உங்க ஒரு பாட்டுக்கா? அவங்களுக்கு வேற சோலியில்லீங்களா?"

பாட வைத்தவர்கள் அவள் பெயரைப் போடவில்லை; அச்சை வாங்கியவர்களுக்கு அவளைத் தேட நேரமில்லை. அந்த அச்சு அழியவில்லை என்பதுதான் கொடுமை. மெட்ராஸில் ஏதோ ஒரு அலமாரியில் அது பத்திரமாக இருந்தது. கேட்டு வாங்க எங்களிடம் எண் இல்லை.

மலையேறி வந்தபோது மகள் பாதையிலேயே நின்றிருந்தாள்.

"அம்மா பாட்டுக் கெடச்சுதாப்பா?"

"கடை பூட்டியிருந்துச்சு கண்ணு."

அடுத்த வாரம் வியாபாரி மிளகுக்கு வந்தார். அவள் ஓடிப்போய் அவரிடம் கேட்டாள், சேலத்தில் கடை திறந்துவிட்டார்களா என்று.