முப்பது லட்சத்துக்குள் அமெரிக்கா

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு மார்கழி மாதத்தின் மேல் அப்படி என்ன ஆசை என்று தெரியவில்லை. அறுபத்தொரு பல்கலைக்கழகங்களின் இணையதளங்களை நான் பார்த்தேன். உதவித்தொகையோடு படிக்க விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்க வேண்டிய கடைசித் தேதி அவற்றில் நாற்பத்துமூன்றில் மார்கழிக்குள் வருகிறது. இதைக் காரைக்குடியில் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

என் மகன் புதுவயலில் அரிசி ஆலைகளுக்கு பெல்ட், பேரிங் விற்கும் கடை வைத்திருக்கிறான். அவன் மகள் அப்போது இயந்திரப் பொறியியல் கடைசி ஆண்டில் இருந்தாள். புரட்டாசியில் ஒருநாள் சாப்பிடும்போது, அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கப் போவதாகச் சொன்னாள். மகன் சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தான். கையிருப்பையும், வங்கியில் ஈடு கேட்காமல் தரும் கல்விக் கடனையும் சேர்த்தால் முப்பது லட்சம் வரை முடியும் என்றான். அதற்கு மேல் போனால் திருப்பத்தூர் சாலையில் இருக்கும் இரண்டே முக்கால் ஏக்கர் வயலை ஈடு வைக்க வேண்டும். வயல் என் பெயரில் இருக்கிறது. இருப்பதும் அது ஒன்றுதான்.

ஆகவே இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து முப்பது லட்சத்துக்குள் முடிகிற பல்கலைக்கழகத்தைத் தேடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. பொதுப்பணித் துறையில் முப்பத்தோரு ஆண்டுகள் கண்மாய்க்கும் மடைக்கும் மதிப்பீடு போட்டவன், ஒரு படிப்புக்கு மதிப்பீடு போட முடியாதா என்று நினைத்தேன்.

முடியவில்லை. ஒரு மடை என்றால் செங்கல் எத்தனை, சிமெண்டு எத்தனை மூட்டை, கூலி எவ்வளவு என்று ஒரே தாளில் அடங்கிவிடும். இவர்கள் கட்டணம் என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் கட்டணத்தைச் சொல்வதில்லை. ஒருவர் ஒரு கிரெடிட்டுக்கு, அதாவது ஒரு பாட அலகுக்கு, இவ்வளவு என்கிறார், இன்னொருவர் ஒரு செமஸ்டருக்கு இவ்வளவு என்கிறார். கூட்டிப் பெருக்கி ஒரு தொகைக்கு வந்த பிறகு, கீழே பொடி எழுத்தில் வெளிநாட்டு மாணவர் கட்டணம், தொழில்நுட்பக் கட்டணம், பொறியியல் மாணவர்களுக்கென்று தனிக் கட்டணம், உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஒன்று, பேருந்துக்கு ஒன்று. ஒரே இடத்தில் பதினோரு வகை எண்ணினேன். என் பேத்தி எட்டிக்கூடப் பார்க்கப் போகாத விளையாட்டு அரங்கத்துக்கும் அவள் பங்கு உண்டு. மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எவ்வளவு என்று எழுதுகிறவர்கள் பாதிப் பேர்கூட இல்லை.

பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு மாடியில், வெளிநாட்டுப் படிப்புக்கு இலவச ஆலோசனை என்று பலகை வைத்திருந்தார்கள். பேத்தியோடு போனேன். அங்கிருந்த பையன் ஏழு பல்கலைக்கழகங்களை அச்சிட்டுக் கொடுத்தான். ஏழில் மலிவானது ஐம்பத்தெட்டு லட்சம்.

"மாநில அரசு நடத்துறது ஒண்ணுகூட இதுல இல்லையே தம்பி?"

"நம்மகிட்ட டை-அப் இருக்கிறது மட்டும்தான் சார் தருவோம்."

"டை-அப்புன்னா?"

பேத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். படி இறங்கும்போது சொன்னாள்: "நம்மகிட்ட வாங்க மாட்டாகய்யா. நம்மளச் சேத்துவிட்டா அந்தக் காலேஜு இவுகளுக்குக் குடுக்கும். அதான் எலவசம்."

ஐப்பசியில் கண்டனூரில் உறவில் ஒரு கல்யாணம். ஆண்டில் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் ஒன்பது பேர். நான் நோட்டுப் புத்தகத்தோடு போயிருந்தேன். எட்டுப் பேரைக் கேட்டேன். எட்டுப் பேரும் தங்கள் சம்பளத்தைச் சொன்னார்கள், வீடு வாங்கிய விலையைச் சொன்னார்கள், பனி எத்தனை அடி விழும் என்று கையை உயர்த்திக் காட்டினார்கள். படித்தபோது என்ன கட்டினீர்கள் என்று கேட்டால் மறந்துபோய்விட்டதாம். அவ்வளவு பெரிய தொகை எப்படி மறக்கும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒன்பதாவது ஆள் என் ஒன்றுவிட்ட தங்கையின் மகன். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை.

"மாமா, நோட்ட மூடிட்டு மொதல்ல பாயாசத்தக் குடிங்க. நீங்க தப்பான பக்கத்தப் பாத்துக்கிட்டு இருக்கீக."

"ஃபீஸ் பக்கத்தத்தான் பாக்குறேன்."

"அதான் தப்புங்கிறேன். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கடைசித் தேதி இருக்கும். பின்னால வர்றது சீட்டுக்கு. முன்னால வர்றது காசுக்கு. முன்னால அனுப்புறவகள்ள கொஞ்சப் பேருக்கு லேப்ல வேல குடுத்து ஃபீஸக் கொறைப்பாக. பின்னால அனுப்புனா சீட்டோட சரி."

"இதத் தெளிவா எழுதுறதுக்கு அவுகளுக்கு என்ன?"

"எழுதியிருக்காக மாமா. நீங்க வேற பக்கத்துல இருந்தீக."

வீட்டுக்கு வந்து அட்டவணையை முதலிலிருந்து போட்டேன். விண்ணப்பத்துக்கே எழுபது, எண்பது டாலர் கேட்கிறார்கள் என்பதால் எட்டோடு நிறுத்திக்கொண்டோம். கட்டணம் குறைந்தால் எட்டில் ஆறு முப்பது லட்சத்துக்குள் வந்தன. அந்த ஆறில் ஒன்றுக்குக் காசுக்கான தேதி கார்த்திகைக் கடைசியில், மற்ற ஐந்துக்கும் மார்கழியில்.

கார்த்திகையில் அனுப்ப வேண்டியதை நிறுத்திவைத்தது நான்தான். அங்கே காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று தெரியவில்லை. தெரியாத ஒன்றை எப்படிக் கூட்டுவது? இரண்டு முறை மின்னஞ்சலில் கேட்கச் சொன்னேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. காசுக்கான தேதி முந்தின நாளே முடிந்திருந்தது. அந்த ஒன்றைக் கைவிட்டோம்.

"காப்பீடு எவ்வளவுன்னு தெரிஞ்சிருச்சாய்யா?" என்று பேத்தி கேட்டாள்.

"தெரிஞ்சிருச்சு."

"நல்லது" என்று எழுந்து போய்விட்டாள்.

அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. மீதி ஐந்தையாவது உடனே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தோம். வெளிநாட்டுக்குப் பணம் கட்டும் அட்டை வீட்டில் மகனிடம் மட்டும்தான் உண்டு. அவன் அதை எடுத்து மேசைமேல் வைத்தான். அப்போது மருமகள் வந்தாள்.

"மார்கழியில வேணாம் மாமா. தை பொறக்கட்டும்."

"தை பொறந்தா காசு போயிருமேத்தா."

"மார்கழியில யாராச்சும் நல்ல காரியம் செய்வாகளா? நீங்களே சொல்லுங்க."

விண்ணப்பத்தை ஐப்பசியிலேயே திறந்தாயிற்று, பெயர், அப்பா பெயர், மதிப்பெண் எல்லாம் நல்ல நாளில் நிரப்பியாயிற்று, பாக்கி இருப்பது ஒரு பொத்தானை அழுத்துவது மட்டும்தான் என்றேன். எனக்கே அது நல்ல வாதமாகத்தான் பட்டது.

"கல்யாணப் பேச்ச ஆவணியில ஆரம்பிச்சாச்சுன்னு தாலிய மார்கழியில கட்டுவீகளா?"

அமெரிக்காக்காரனுக்கு மார்கழி ஏது என்று கேட்டேன்.

"அவுகளுக்கு இல்ல. போறது நம்ம புள்ள."

மகன் அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். கடைக்கு மட்டும் மார்கழியில் சரக்கு எடுக்கிறாயே என்று அவனைப் பிடித்தேன். அது வேறப்பா என்றான். பேத்தி இரண்டு நாள் தாயோடு மல்லுக்கட்டினாள். மூன்றாம் நாள் மருமகள் அவளிடம் சொன்னதை நான் கூடத்திலிருந்து கேட்டேன்: "கண்ணு காணாத ஊருக்கு ஒத்தையில போற. அங்க ஒனக்கு ஒண்ணுன்னா, நாமளே மார்கழியில அனுப்புனோமேன்னு நான் காலம்பூரா நெனைக்கணுமாடி?" அதற்குப் பிறகு பேத்தி லேப்டாப்பை மூடி வைத்துவிட்டாள். எனக்கோ ஐந்து தேதிகளும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நாட்காட்டியில் தாளைக் கிழிக்கும் வேலையை மகனிடம் விட்டுவிட்டேன்.

தை முதல் நாள், பொங்கல் இறக்கியவுடன், மீதி ஏழையும் அனுப்பினோம். நான்கு இடங்களில் சீட்டு இல்லை என்றார்கள். மூன்று இடங்களிலிருந்து பங்குனியில் கடிதம் வந்தது. மூன்றும் ஏறக்குறைய ஒரே கடிதம். வாழ்த்துகள், உங்களுக்கு இடம் உண்டு, இந்த ஆண்டுக்கான உதவித்தொகை முடிந்துவிட்டது. மூன்றில் மலிவானது, எதிர்பாராச் செலவுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்து, முப்பத்தாறு லட்சத்து நாற்பதாயிரம். வேலையில் இருந்தவரை அந்த ஐந்தை நான் நீக்கியதே இல்லை. அன்றைக்கு நீக்கிப் பார்த்தேன். அப்போதும் முப்பத்துநான்கு லட்சத்து அறுபத்தேழாயிரம்.

மகன் வயலைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனான். அது போதாதா? பட்டாவைத் தேடி எடுத்தேன். வில்லங்கச் சான்றுக்கு எழுதிக் கொடுத்தேன். வங்கியில் ஒரு படிவத்தைக் கொடுத்து, பதினேழு இடத்தில் பென்சிலால் குறியிட்டு, அங்கெல்லாம் கையெழுத்துப் போட்டு வரச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அதை மேசையில் விரித்து மூன்று கையெழுத்துப் போட்டிருந்தேன். பேத்தி வந்து நாலாவது இடத்தின் மேல் கையை வைத்தாள்.

"வயல எழுதிக் குடுக்க வேணாம்யா."

"ஒனக்குத்தான குடுக்குறேன்."

"அதான் வேணாங்கிறேன். வயல வச்சுட்டுப் போனா அங்க நான் எப்டிப் படிக்கிறது? மாசாமாசம் வட்டி இவ்வளவாச்சுன்னு பைசா விடாமப் போன்ல சொல்லுவீக."

சொல்ல மாட்டேன் என்றேன். அவள் கையை எடுக்கவில்லை. சொல்லித்தான் இருப்பேன்.

மதுரையில் இயந்திரங்களுக்கு வரைபடம் போடும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றும், ஓராண்டு அதைப் பார்த்துவிட்டு மறுபடி விண்ணப்பிப்பதாகவும் சொன்னாள். ஓராண்டில் கட்டணம் ஏறும், டாலர் ஏறும் என்றேன். ஏறட்டும் என்றாள். மூன்று சீட்டையும் வேண்டாம் என்று சொல்வதற்கு லேப்டாப்பைத் திறந்தாள்.

வேண்டாம் என்பதற்கும் அவர்களிடம் ஒரு படிவம் இருக்கிறது. காரணம் கேட்டு ஒன்பது வரிகள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு பல்கலைக்கழகம், வேலை, விசா, உடல்நலம் என்று போகிறது. அவள் பணம் என்ற வரிக்குப் போனாள்.

"பணமில்ல. தேதி" என்றேன்.

"அப்படி ஒரு வரி இல்லய்யா."

மருமகள் எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. "எங்கம்மா விடலன்னு போட்டுரு" என்றாள்.

"அப்ப என் பேரையும் சேத்துக்க. மொதத் தேதியத் தொலச்சது நான்தான்."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. ஒண்ணுதான் போட முடியும்."

பணம் என்பதையே அழுத்தினாள். மூன்றுக்கும் சேர்த்து நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. நான் வங்கிப் படிவத்தை மடித்து உறையில் போட்டேன். மருமகள் அங்கேயே நின்றாள்.

"அடுத்த தடவ எப்ப அனுப்பணும்?"

"கார்த்திகை பொறந்ததும் அனுப்பிரணும்மா."

மருமகள் விரல்விட்டு மாதத்தை எண்ணினாள். "ஐப்பசியிலேயே அனுப்பிரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஐப்பசியில் வாங்கிக்கொள்வார்களா என்பது எனக்குத் தெரியாது. அதற்காக எட்டுப் பக்கங்களையும் மறுபடி திறந்து பார்க்க வேண்டும். இதற்குள் கட்டணத்தை வேறு மாற்றியிருப்பார்கள்.