காலியாக வந்த பிக்கப்

என் தம்பி சந்திரமோகன் எங்கள் தீவில் டெலானிபூர் பகுதியில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறான். யூகத்தில் எந்தப் பொருளையும் மாற்ற மாட்டான்.

ஒச்சப்பன் அண்ணனின் பழைய பிக்கப் மரைன் ஹில் ஏற்றத்தில் விளக்கு மங்கி நின்றுவிடும். தம்பியின் பட்டறையில் மட்டும் ஒழுங்காக ஓடும். கப்பலில் வரும் காய்கறியைக் கடைகளுக்கு ஏற்றித்தான் அவர் பிழைக்கிறார். இன்னொரு முறை நின்றால் வேறு வண்டி பார்ப்பதாகக் கடைக்காரர் சொல்லிவிட்டார்.

"பேட்டரிய மாத்திரு தம்பி. இல்லேன்னா வண்டிய வித்துட்டு மெயின்லேண்டுக்கே போயிர்றேன்."

"பேட்டரி நல்லாத்தாண்ணே இருக்கு. வண்டி நிக்கிறப்ப லோடு இருந்துச்சா?"

"இருந்துச்சு. லோடோட வந்து ஒன் எடத்த அடைக்கலாமா? எறக்கிட்டுத்தான் வருவேன்."

"நல்ல மரியாதைண்ணே! நோயாளிய வீட்டுல விட்டுட்டு மருந்து கேக்குறீங்க. நாளைக்கு லோடோட வாங்க."

மறுநாள் வெங்காய மூட்டைகளோடு வண்டி வந்தது. தம்பி அடியில் படுத்துப் பார்த்தான். உப்புக்காற்றில் அரித்த போல்ட்டில், பேட்டரியை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைக்கும் எர்த் வயர் பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பாரத்தில் வண்டி அமுங்கியதால் வயர் விறைத்திருந்தது; விரலால் அசைத்ததும் விளக்கு மங்கியது. துருவைச் சுரண்டி, நீளமான புது வயரைப் பூட்டினான்.

அதோடு அனுப்பிவிடவில்லை. தானும் ஏறிக்கொண்டு மரைன் ஹில்லுக்கு விடச் சொன்னான். ஏற்றம் முழுவதும் விளக்கு மங்கவில்லை. உச்சியில் ஒச்சப்பன் அண்ணன் இன்ஜினை அணைக்காமலே கடைக்காரருக்குப் போன் செய்தார்.

"அரே பாய், வெங்காயம் வந்துட்டிருக்கு. வேற வண்டிக்குச் சொல்லிறாதீங்க!"