சாயங்காலமே வந்துவிடும் ரிப்போர்ட்

இன்று கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுப் பெண் போனில் ஒரு தொடர்கதை படித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். நான் எழுதும் துப்பறியும் தொடர்.

யாரென்று சொல்லாமல், “கதை எப்படிப் போகுது?” என்றேன்.

“நல்லாத்தான் போவுதுக்கா. ஆனா இதுல காலைல பொணம் கெடைக்குது, சாயங்காலமே வெஷம்னு லேப் ரிப்போர்ட்டு வந்துடுது. நெசமாவே அப்படி வருமா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் ஊர் கீரப்பாளையம் பக்கமாம். அண்ணன் வயலில் இறந்து கிடந்திருக்கிறார். பாம்பு கடித்தது என்கிறது வீடு. பூச்சிமருந்து குடித்துவிட்டார் என்கிறது ஊர். உள்ளுறுப்புகளைப் பரிசோதனைக்கு அனுப்பி எட்டு மாதம் ஆகிறது.

“இன்னிக்கும் கடலூர் போயி கேட்டுட்டுதான் வரேன். இன்னும் வரலையாம். எங்க அண்ணி ஒரு விசேஷத்துக்கும் போறதில்லக்கா. போனா, அவரோட என்னா சண்ட போட்டேன்னு கேக்குறாங்களாம்.”

அதற்குமேல் மறைக்கக் கூச்சமாக இருந்தது. அந்தக் கதையை எழுதுவது நான்தான் என்றேன்.

போனை மடியில் வைத்துவிட்டு முழுசாக என் பக்கம் திரும்பினார்.

“அப்போ லேப்ல உங்களுக்கு ஆள் தெரியுமில்லக்கா? கொஞ்சம் சொல்லி வுடுங்களேன்.”

இருபத்திரண்டு அத்தியாயம் எழுதியிருக்கிறேன். ஓர் ஆய்வகத்தின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. அதைச் சொன்னேன்.

“பரவால்லக்கா” என்றார். ஆனாலும் சிதம்பரத்தில் இறங்கும்போது கேஸ் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

இங்கே தடயவியல் துறையில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். கதைக்குச் சந்தேகம் கேட்க மாட்டேன். அதையெல்லாம் வழக்கம்போல நானே இட்டுக்கட்டிக்கொள்வேன்.