குளியலறை ஜன்னலும் கோவைக்கொடியும்

திண்டிவனத்தில் நாங்கள் வீடு கட்டியபோது பக்கத்து மனை காலியாகக் கிடந்தது. முள்கம்பி வேலிக்கு ஒரு மறைப்பு வேண்டுமே என்று பிரம்மதேசத்திலிருந்து கோவைத்தண்டு கொண்டுவந்து நட்டேன். ஐப்பசி மழை ஒன்றே அதற்குப் போதுமாயிருந்தது. வேலி மறைந்தது, மோட்டார் மேடை மறைந்தது, கடைசியில் கொடி குளியலறைச் சுவரிலும் கை வைத்தது.

வழக்கமாக நுனியைக் கிள்ளுவேன், மீறினால் அரிவாளால் கழித்துவிடுவேன். அந்த வருஷம் அது முடியவில்லை. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் காய்த்த கொடியை வெட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் படித்தவள்தான். ஆனால் மகள் விஷயம் என்றால் அந்தப் படிப்பெல்லாம் எங்கே போகிறதோ. வெட்டாமல், வாழைநாரால் வேலிப்பக்கமாக இழுத்துக் கட்டினேன். நார் அவிழ்ந்ததும் அது திரும்பவும் சுவருக்கே வந்தது.

ஒரு காலையில் அப்படிக் கட்டும்போது, ஜன்னலுக்குக் கீழே இலைகளுக்குள் பாம்புச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஈரம்கூடக் காயவில்லை. குச்சியால் எடுத்துக் காலி மனையில் வீசிவிட்டுக் கணவரிடம் மட்டும் சொன்னேன். வெட்டிவிடலாம் என்றார். நான்தான் விடவில்லை. மகளிடம் மூச்சுவிடக் கூடாது என்றும் சொன்னேன். நிறைமாதக்காரி பயந்துவிட்டால் யார் பதில் சொல்வது?

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்பேன். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் பதறிப்போய்க் கூப்பிடுவேன். இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், சும்மா பேஜார் பண்ணாதே என்பாள். எனக்கிருந்த ஒரே ஆறுதல், சுவர் முழுக்க ஏறிய கொடி அந்த ஜன்னலுக்குள் மட்டும் நுழையாததுதான். திருவாமாத்தூர் சாமி காவல் இருக்கிறார் என்று நம்பினேன்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். மறுநாள் துணி எடுக்க வீட்டுக்குப் போன கணவர், கையோடு கொடியையும் வெட்டிவிட்டு ஃபோன் செய்தார். ஜன்னல் சுவரை ஒட்டியே ஒரு நல்ல பாம்பு இருந்ததாம், காலி மனைக்குள் போய்விட்டதாம்.

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையைப் பார்த்தது, பாம்பு, ஜன்னலைச் சாமி காத்தது.

"சாமி இல்லம்மா, நான்தான். தெனமும் குளிச்சிட்டு, கம்பி வழியா கைய வுட்டு கொடி நுனிய கிள்ளிப் போட்டுக்கினு இருந்தேன். வெட்டக் கூடாதுன்னு சொல்லிக்கினே இருந்தியே, அதான் உங்கிட்ட சொல்லல."

தண்ணீர்ச் சத்தம் நின்ற நேரமெல்லாம் அவள் கை அந்த இலைகளுக்குள் இருந்திருக்கிறது. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். மகளின் கையைப் பிடித்து விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தேன். பிறகு குழந்தையைத் திரும்ப அவளிடமே கொடுத்துவிட்டேன்.