வானகரத்தில் தொலைந்த தூரம்

பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி வேன்களில், தங்கவேல் ஓட்டும் வேனில் இடம் கிடைத்தால் அரை மணி நேரம் நிம்மதியாகத் தூங்கலாம் என்பார்கள். இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். பம்பரில் ஒரு கீறல் கிடையாது. அவருடைய அப்பா குத்தம்பாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் ஏர் பிடித்தவர். மகன் ஸ்டியரிங் பிடித்து, அண்ணனூரில் இரண்டு அறை வீடு கட்டி, மகள் மதிவதனியை பி.காம். வரை படிக்கவும் வைத்துவிட்டார்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேன் நிறைய ஆட்களோடு வானகரம் வழியாகப் போய்க்கொண்டிருந்தார். ரப்பர் கருகுவது போல ஒரு வாடை வந்தது. மீன் மார்க்கெட் திருப்பம் கண்ணில் பட்டது. அடுத்து அவர் பார்த்தது மதுரவாயல் மேம்பாலத்தின் தூண்களை. நடுவில் இருந்த தூரம் எங்கே போனது என்று தெரியவில்லை. கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது. கண் திறந்துதான் இருந்தது. பின்னால் பஸ்காரர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். வேனுக்குள் யாரும் எதையும் கவனிக்கவில்லை. பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தார்கள்.

ஷெட்டுக்குப் போனதும் கிளட்ச் பிளேட்டைப் பார்த்தார். கருகவில்லை. தூக்கம் போதவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து வீட்டில், காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றவர், டம்ளர் விழுந்த சத்தத்தில்தான் நிதானத்துக்கு வந்தார். எதிரில் மனைவி பஞ்சவர்ணம் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"எத்தினி வாட்டி கூப்புடறது? செவுடு மாதிரி நின்னுகினு கீற."

"இன்னாவோ யோசனை," என்றார் அவர்.

அன்றிலிருந்து பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டரிடம் போனால் இதற்கு ஒரு நோய்ப் பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் வைத்துவிட்டால் சாவி போய்விடும். முன்பு ஷெட்டில் சம்பந்தம் என்று ஒரு டிரைவர் இருந்தார். ஒரு நாள் வலிப்பு வந்து வண்டி பக்கத்திலேயே விழுந்தார், கைகாலை வெட்டி இழுத்தது. மறுநாள் அவர் வண்டியை வேறொருவர் எடுத்துப் போனார். பிறகு அவர் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் தனுஷ்கோடிப் பேச்சு கிளம்பியது.

பஞ்சவர்ணம் மெரினாவைத் தவிர வேறு கடலைப் பார்த்ததில்லை. ஆயுத பூஜை விடுமுறையில் ஓனர் வீரராகவன் வேனைக் கொடுக்கச் சம்மதித்திருந்தார். பக்கத்து வீட்டு உத்தமன் குடும்பமும் சேர்ந்துகொண்டது. உத்தமனுக்கு சிவகங்கைப் பக்கம். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் உட்கார, மதிவதனி நோட்டைத் திறந்து வாசித்தாள்.

"பூஜை முடிஞ்ச மறுநாள் காலைல நாலு மணிக்குக் கெளம்பறோம். நெமிலிச்சேரில அவுட்டர் ரிங் ரோடு ஏறி வண்டலூர். விக்கிரவாண்டில டிபன். திருச்சி தாண்டி சாப்பாடு. ராமநாதபுரத்துல ராத்தங்கல். மறுநாள் பாம்பன் பாலம், அப்புறம் தனுஷ்கோடி."

"ரெண்டு பக்கமும் கடலாமே, நடுவுல ரோடாமே," என்றாள் பஞ்சவர்ணம்.

மதிவதனி செல்போனில் வீடியோ காட்டினாள். நீளமாக, நேராக ஒரு ரோடு. இரண்டு ஓரத்திலும் கருங்கல் அடுக்கு. அதற்கப்பால் தண்ணீர். எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். தங்கவேல் ரோட்டின் அகலத்தைப் பார்த்தார். வானகரத்தில் தொலைந்த தூரத்தை அந்த ரோட்டின்மேல் வைத்துப் பார்த்தார்.

"ரயில்ல போலாமே," என்றார்.

"எட்டு பேருக்கு இப்ப எங்கப்பா டிக்கெட்டு?" என்றாள் மதிவதனி.

"டயர் அவ்ளோ தூரம் தாங்காது."

"நான் பாத்துட்டேண்ணே, புது டயரு," என்றார் உத்தமன். "நீங்க வண்டியில உக்காந்துட்டா எங்களுக்கு என்ன கவலை? எங்க வீட்டுல ஏறினதும் தூங்கிரும்."

உத்தமனின் மகள் மோகனப்பிரியாவுக்கு ஐந்து வயது. அவள் தங்கவேலின் மடியில் ஏறி உட்கார்ந்து, "நான் மாமா பக்கத்துல, முன்னாடி," என்றாள். அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அடுத்த மூன்று வாரமும் மழை வருமா, புயல் வருமா என்று செய்தி பார்த்தார். வானம் பளிச்சென்று இருந்தது. வேனில் ஆள் ஏற்றும்போது ஒவ்வொரு மின்கம்பத்தையும் மனதுக்குள் எண்ணினார். எண்ணிக்கை விட்டுப்போனால் வேகத்தைக் குறைத்தார். ஒருவேளை எல்லாம் வீண் பயமோ என்றும் தோன்றியது. தன்னையே ஒரு முறை சோதித்துப் பார்த்துவிட முடிவு செய்தார்.

பூஜைக்கு முந்தைய ஞாயிறு, விடிந்தும் விடியாமலும், வேனைத் தனியாக எடுத்துக்கொண்டு நெமிலிச்சேரியில் அவுட்டர் ரிங் ரோடு ஏறினார். வண்டலூர் வரை ஒன்றும் ஆகவில்லை. திரும்பினார். வெயில் இளசாக விழுந்தது. வாய்விட்டு ஒரு பாட்டுகூட முணுமுணுத்தார். நசரத்பேட்டை இறக்கம் வந்தது. ரப்பர் கருகும் வாடை வந்தது.

பிறகு யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

வேன் ரோட்டை விட்டு இறங்கிப் புல்லில் நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. வெளியே ஒரு லாரி டிரைவர் நின்றிருந்தார்.

"இன்னா நைனா, தூங்கிட்டியா? என் வண்டிய உரசிகினு வந்த. நான் ஸ்டியரிங்க ஒடிக்கலன்னா இன்னா ஆயிருக்கும்?"

தங்கவேல் இன்ஜினை அணைத்தார். இறங்கிப் பின்பக்கம் போனார். காலியான சீட்டுகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். மற்ற ஏழு பேரையும் அவரவர் இடத்தில் உட்கார்த்திப் பார்த்தார். முன் சீட்டைப் பார்க்கத் துணிவில்லை. புல்லிலேயே உட்கார்ந்து, கூட வண்டி ஓட்டும் யூசுப்புக்குப் போன் போட்டார்.

யூசுப் முக்கால் மணி நேரத்தில் பைக்கில் வந்தார். எல்லாவற்றையும் கேட்டார்.

"மூணு வாட்டி ஆயிருக்கு, வாயத் தொறக்கல. தெனமும் ஆள ஏத்திகினு போயிருக்க."

"சாவி போயிரும்னு பயம், மச்சான்."

"சாவியக் குடு," என்றார் யூசுப். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் வாங்கிக்கொண்ட கை அவர் தோளில் கொஞ்ச நேரம் இருந்தது.

வீட்டில் பஞ்சவர்ணத்திடம் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டுக் கேட்டாள்.

"அந்தக் கொயந்தைய முன்னாடி ஒக்கார வச்சிகினு போயிருப்பியா?"

"அதான் தூக்கமே இல்ல."

அவள் அரிவாள்மனையை ஓரமாக நகர்த்தினாள். பிறகு எழுந்து முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "கெளம்பு. ஞாயித்துக்கெழமையும் பெரியாஸ்பத்திரில பாப்பாங்க."

இரண்டு நாள் அலைச்சலுக்குப் பிறகு ஒரு பெண் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுவும் வலிப்புதான். கீழ விழுந்து துடிச்சாத்தான் வலிப்புன்னு இல்ல. கண்ணு திறந்திருக்கும், நீங்க இருக்கமாட்டீங்க. அந்தக் கருகல் வாடையும் இதோட அறிகுறிதான். மாத்திரை எடுங்க. வண்டியத் தொடாதீங்க. தனியா தண்ணியில இறங்காதீங்க."

"எத்தினி நாளைக்கு?"

"முதல்ல மாத்திரை கேக்குதான்னு பாக்கணும்."

வீரராகவனிடம் தானே போய்ச் சொன்னார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். வீரராகவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை," என்று இரண்டு முறை சொன்னார். ஷெட்டிலேயே இருந்து எந்த வண்டி எந்த ரூட்டில் போக வேண்டும் என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். அது டிரைவர் வேலை இல்லை. ஆனாலும் வேலை.

உத்தமனிடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்துப் போனது. மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "சொன்னீங்களே, அது போதும்ணே. போவோம், யூசுப் பாய் ஓட்டட்டும்," என்றார்.

போனார்கள். தங்கவேல் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார். வழி முழுக்க அவர் வலது கால் இல்லாத பிரேக்கை அமுக்கிக்கொண்டே வந்தது.

"மெதுவா புடி, வளைவு வருது."

"மாமே, நான் ஓட்டறேனா, நீ ஓட்டறியா?"

தனுஷ்கோடி ரோட்டில் மற்றவர்கள் ஜன்னலில் தொங்கினார்கள். தங்கவேலால் இரண்டு பக்கமும் பார்க்க முடியவில்லை. நேராகப் பார்த்தார். இருக்கிறேனா, இருக்கிறேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். ரோட்டில் ஒரு இடமும் விட்டுப்போகவில்லை.

கரையில் இறங்கியதும் பஞ்சவர்ணம் புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் போனாள். திரும்பிப் பார்த்தாள். அவர் ஈர மணலிலேயே நின்றிருந்தார். அவள் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப் போனாள். பிடி இறுகியது.

"வலிக்குதுடி."

"வலிக்கட்டும்," என்றாள், பிடியை விடாமல்.

அலை வந்து முழங்காலில் அடித்தது. அவர் பயந்துகொண்டேதான் நின்றார்.