பிடுங்கிய ஏழு செடிகள்

அராபிடாப்சிஸ் என்பது கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு களை. ஒரு சாணுக்கு மேல் வளர்வது அபூர்வம், யாருக்கும் சோறு போடாது. ஆனாலும் உலகமெங்கும் மரபணு படிக்கிறவர்கள் இதைத்தான் சீராட்டி வளர்க்கிறார்கள். தேயிலை விதை தரும்வரை வருடக்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டும். இது இரண்டு மாதத்தில் தந்துவிடும். ஒரு மரபணு என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமா, அதை முடக்கிவிட்டுச் செடிக்கு என்ன கெட்டுப்போகிறது என்று பார்க்க வேண்டும். நான் பட்டம் வாங்கிய ஆராய்ச்சி அவ்வளவுதான்.

நானுஓயாவுக்கு மேலே இருந்தது எங்கள் ஆய்வுக்கூடம். பனியில் தேயிலை கருகுவதைத் தடுக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார்கள். குளிரைத் தாங்க உதவுவதாக நாங்கள் சந்தேகப்பட்ட இரண்டு மரபணுக்களையும் ஒரே செடியில் முடக்குவது என் பொறுப்பு. ஒரு வருடத்துக்கு மேல் பூவோடு பூ சேர்த்து, விதை பொறுக்கி, மறுபடி விதைத்து, கடைசியில் ஒரு தட்டில் ஏழு செடிகள் கிடைத்தன. சுற்றியிருந்தவை கொழுகொழுவென்று நிற்க, இந்த ஏழு மட்டும் குட்டையாய், வெளிறி, இலை சுருண்டு கிடந்தன. அவை விதை தந்தால்தான் எனக்குப் பட்டம்.

கண்ணாடி வீட்டில் தண்ணீர் விடுவதற்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணை எடுத்தார்கள். அது என் அம்மா.

நான் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் என்று அங்கே எவருக்கும் தெரியாது. தலவாக்கலையில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன், ஊர் கேட்டால் ஹட்டன் பக்கம் என்பேன். அம்மாவுக்கு முழங்கால் கெட்டுப்போய் மலை ஏற முடியாமல் இருந்த நேரம். சமதரையில் வேலை கிடைத்ததென்று சந்தோஷமாக வந்தாள். வெள்ளை அங்கியோடு இரண்டு சிநேகிதிகள் பக்கத்தில் நிற்க என்னைப் பார்த்தவள், ஒரு நொடி தயங்கிவிட்டு, "தண்ணி எவ்வளவு ஊத்தணுங்க மிஸ்?" என்று கேட்டாள். நான் அளவு சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அது வசதியாகப் போய்விட்டது.

ஒரு திங்கட்கிழமை கொழும்பிலிருந்து பெரியவர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. அம்மா பல வருடம் தோட்டத்து நாற்றுப் பண்ணையான தவறணையில் தேயிலைக் கன்று வளர்த்தவள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வருவதற்கு முன்னால் நோஞ்சான் கன்றுகளைப் பிடுங்கி எறிந்துவிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். கருகின கன்று ஒன்று துரை கண்ணில் பட்டால் போதும், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா தண்ணீர் விட்டவளை வரிசையில் நிறுத்தி ஏசுவார். அன்று காலை நான் போய்ப் பார்த்தபோது ஏழு செடிகளையும் காணோம். வேர் இருந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்திச் சமப்படுத்திவைத்திருந்தாள். தட்டு பார்க்க அழகாக இருந்தது.

என் பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை. ஏன் பிடுங்கினாள் என்று கேட்டுச் சொல்லும்படி என்னிடம் சொன்னார்.

"ஏன் பிடுங்குனீங்க?" என்று கேட்டேன். பெற்றவளிடம், யாரோ ஒருத்தியிடம் கேட்பதைப் போல.

"நோஞ்சானா கெடந்துச்சுங்க மிஸ். வர்றவங்க பாத்தா ஒங்களத்தானே ஏசுவாங்க."

முதல் வாக்கியத்தை மட்டும் சிங்களத்தில் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லவில்லை. சொன்னால், உனக்காக இவள் ஏன் கவலைப்படுகிறாள் என்று கேட்டிருப்பார். "அவளுக்கு ஒன்றும் தெரியாது, சேர்" என்று என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தேன். அவர் பெருமூச்சு விட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். அதை ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன்.

"சரிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு அம்மா வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

என் நஷ்டம் மூன்று மாதம். தாய்ச்செடியின் விதை குளிர்பெட்டியில் மிச்சமிருந்தது. மறுபடி விதைத்தேன், இந்த முறை ஒன்பது கிடைத்தன. அம்மா மறுபடி கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். செங்குத்தான மலை, அதே முழங்கால். மழைநாளில் பக்கவாட்டில் கால் வைத்து இறங்குவதாகப் லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருப்பவள் சொன்னாள். என் ஆய்வேட்டின் நன்றியுரையில் பேராசிரியர் இருக்கிறார், வேன் சாரதிகூட இருக்கிறார். அம்மா இல்லை. போட்டால் யாரென்று கேட்பார்களே என்று பயந்தேன். இதை எழுதும்போது என் கையைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

கண்ணாடி வீட்டு வேலைக்கு வருவதற்கு முன்பெல்லாம் அம்மா என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். பட்டம் வாங்கிய பிறகு ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள், கையைத் துணியில் துடைத்துவிட்டு அதிலிருந்த செடியின் படத்தைப் பார்த்தாள்.

"இந்த நோஞ்சான்தானா?"

"ஆமாம்மா."

படத்திலிருந்த சின்னஞ்சிறு காய்களை விரல் படாமல் எண்ணினாள். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

"நல்லா காச்சிருக்குங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.